சுரைக்காய் உருண்ட வீடு

"ஆசானே, வீடு சாயாம அதோட கால்ல ஒரு முழம் வெட்டுறது எப்படி?"

குவிரன் இப்படிக் கேட்டதும், மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்த கொற்றியின் கை நின்றது.

ஏரிக்குள் மரக்கால் நட்டு, அதன்மேல் வீடு கட்டி வாழ்ந்த ஊர் அது. இரும்பு என்றால் என்னவென்றே தெரியாத காலம். கால் நடும் வித்தையில் கொற்றிதான் ஆசான். சீடன் குவிரனோ அவளைவிடப் பத்து வயது மூத்தவன், பேரன் எடுத்தவன். அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளை ஆசானே என்பான். ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் வாய், அவர்கள் சிரிப்பு.

"எந்த வீட்டுக் காலு அண்ணே?"

"என் வீட்டுக் காலுதான்."

"அதுக்கு என்ன கேடு?"

"நேத்து சுரைக்காய் உருண்டிருச்சு."

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஆண்டுக்கு ஒரு நாள் வீட்டுக்கு வீடு பலகை போடுவார்கள். பலகை நடுவில் உருண்டைச் சுரைக்காய் ஒன்றை வைப்பார்கள். காய் அசையாமல் நின்றால் இரண்டு வீடும் சமம், இரண்டு வீடும் நலம். அப்புறம் விருந்துதான்.

நேற்று எல்லா வீட்டிலும் காய் நின்றது. குவிரன் வீட்டுப் பலகையில் மட்டும், முந்தைய ஆண்டுகளில் லேசாக நகர்ந்து நின்ற காய், இந்த முறை வைத்த கை எடுக்குமுன் உருண்டு, சம்பந்தி வீட்டுக்குள் போய் விழுந்தது.

சம்பந்தி வேறு யாருமில்லை, ஊர்த்தலைவர் திசன். அவர் மகனுக்குத்தான் குவிரன் தன் மகள் வெண்ணியைக் கொடுத்திருந்தான்.

"ஏரி வருசா வருசம் ஏறுதாம். அதோட சேந்து என் வீடும் ஏறுதாம். வளர்ற வீட்டுல பேய் இருக்கும்னு சொல்றாரு சம்பந்தி. இன்னைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள ஒரு முழம் வெட்டி ஊரோட சமமாக்கணும். இல்லாட்டி வீட்டைப் பிரிச்சுப் போட்டு எங்களைக் கரைக்கு விரட்டிருவாங்க."

கரை என்றால் புலி. விரட்டப்பட்டவர் யாரும் பிழைத்ததில்லை.

கொற்றி கையைக் கழுவினாள். "ஓடத்துல ஏறு."

குவிரன் வீட்டுக்கு அடியில் ஓடத்தை நிறுத்தினாள். கல்கோடரியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"வெட்டு."

"எந்த இடத்துல?"

"தண்ணி தொடுற இடத்துல. பாசியைச் சுரண்டிட்டு வெட்டு."

குவிரன் சுரண்டினான். பாசிக்கு அடியில் ஒரு பழைய வெட்டு தெரிந்தது.

வீடு கட்டும் நாளில், தண்ணீர் நிற்கும் மட்டத்தில் காலில் ஒரு வெட்டு போடுவார்கள். எல்லா வீட்டுக்கும் உண்டு. போட்டதோடு சரி, அப்புறம் அதை யார் பார்க்கிறார்கள்?

"ஆறு வருசம் முன்னாடி நான் போட்ட வெட்டு," என்றான் குவிரன். "இதே மாசம்தான். தண்ணி இன்னும் அங்கயேதான் நிக்குது."

"ம்."

"அப்ப ஏரி ஏறலையா?"

கொற்றி துடுப்பால் மற்ற வீடுகளைக் காட்டினாள்.

"ஏரி ஏறல. என் வீடும் ஏறல. அப்ப..."

திரும்பிப் பார்த்தான். நாற்பது வீடுகள். ஒன்றைப் போல் ஒன்று, அத்தனை தளமும் ஒரே மட்டத்தில். அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. யாரோ யாரையோ கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன் கையிலிருந்த கோடரி ஓடத்துக்குள் விழுந்தது.

"ஐயோ! ஊரே எறங்குதா? எல்லாம் ஒண்ணா எறங்குதா?"

"உன்னைத்தான் அண்ணே நான் விடாம காலை அடிச்சு எறக்க வச்சேன், சேத்துக்கு அடியில கெட்டி மண்ணைத் தொட்டு, இனிமே போகமாட்டேன்னு காலு சொல்ற வரைக்கும். மத்தவங்க கை வலிச்சதும் நிறுத்திட்டாங்க."

"எம் பொண்ணு அங்க இருக்காளே! பேரன் இருக்கானே!"

அப்போது இரண்டு ஓடங்கள் வந்தன. முன்னோடத்தில் திசன், கையில் கோடரியோடு.

"என்ன சம்பந்தி, இன்னும் ஒரு காலும் வெட்டலையா?"

"சம்பந்தி, என் வீடு ஏறலை! நீங்கதான் எறங்குறீங்க! எல்லாரும் சேத்துல எறங்கிட்டு இருக்கீங்க!"

திசன் சிரித்தார். பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"நாற்பது வீடு தப்பு, நீர் ஒருத்தர் சரி. அப்படித்தானே? எங்க காயெல்லாம் நின்னுச்சு ஐயா. உம்ம காய்தானே உருண்டுச்சு?"

"இந்த வெட்டைப் பாருங்க!"

"ஊர் ஓடினா கூட ஓடணும் சம்பந்தி. தள்ளும். நானே வெட்டுறேன்."

பக்கத்தில் இருந்த திசன் வீட்டுத் தளத்தில் நின்று வெண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குவிரன் வீடு கட்டிய அதே நாளில் கட்டிய வீடு அது. அவள் விளிம்பில் குப்புறப் படுத்தாள். தண்ணீருக்குள் கையை விட்டுத் தன் வீட்டுக் காலைத் தடவினாள். விரல் முழுகியது. மணிக்கட்டு முழுகியது. முழங்கையும் முழுகியது.

அங்கே கை நின்றது.

"எங்க வீட்டு வெட்டு இங்க கீழ கிடக்கு," என்றாள். "ஒரு முழம்."

"அதைத்தானே நானும் சொல்றேன், ஏரி ஏறிடுச்சுன்னு!" என்றார் திசன்.

கொற்றி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏரி ஒண்ணா, ரெண்டா, பெரியவரே? நம்மகிட்ட ஒரு முழம் ஏறின ஏரி, கரையில மட்டும் ஏறாம நிக்குதே?"

திசனின் முகம் சிவந்தது. பின்னால் சிரித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வழக்கம்னா வழக்கம்தான்," என்று குவிரன் வீட்டுக் காலை நோக்கிக் கோடரியை ஓங்கினார் திசன்.

வெண்ணி உள்ளே ஓடினாள். தொட்டிலிலிருந்து பிள்ளையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, நேற்றுப் போட்டு இன்னும் எடுக்காத பலகையில் கால் வைத்தாள். பலகை மேல்நோக்கி ஏறியது. முன்னால் சாய்ந்து, மூச்சு வாங்க நடந்துபோய், அப்பன் வீட்டில், அந்தக் காலுக்கு நேர்மேலே உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப வெட்டுங்க மாமா," என்றாள்.