நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?

கூத்தன்மலை அடிவாரத்தில் சொர்ணம்மை நடத்திவந்த மடத்தில், குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம்.

சீடரின் பெயர் தில்லையப்பர். நெய் மண்டி வைத்து நன்றாக வாழ்ந்தவர். மண்டியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மனதை அடக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று மடத்தில் வந்து சேர்ந்தார். மனதுக்கு முன்னால் அடக்க வேண்டிய ஒன்று அவருக்கு மூக்குக்குக் கீழேயே இருந்தது. அது அவருக்கும் தெரியும், பாவம்.

மடத்தில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் ஏற்றும் விளக்குக்கான நெய்க்குடத்தை வருஷாவருஷம் அவர்தான் தலையில் சுமந்து ஏறுவார். நெய்யோடே வாழ்ந்த மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் சென்ற கார்த்திகையில் பாதி மலையிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். இரண்டு பாதமும் மரத்துப்போயிருந்தன. மிதித்தது கல்லா புல்லா என்றுகூடத் தெரியவில்லை. மாசிலாமணி என்ற இன்னொரு சீடர் அவர் தலையிலிருந்து குடத்தை இறக்கி வாங்கிக்கொண்டு மேலே போனார். உச்சியில் விளக்கு எரிந்ததும் மலை முழுக்கக் கைகூப்பியது. தில்லையப்பர் பாறையில் உட்கார்ந்தபடி அழுதார்.

வைத்தியர் காலை அழுத்திப் பார்த்தார்.

"சர்க்கரை ஏறிக்கிடக்கு. வாயைக் கட்டுங்க, காலை நடக்க விடுங்க. இல்லேன்னா மலை என்ன, மடத்து வாசப்படிகூட ஏற முடியாது."

அன்றே தில்லையப்பர் மனதுக்குள் முடிவுகட்டினார். அடுத்த கார்த்திகைக்குக் குடம் என் தலையில்தான்.

தை பிறந்ததும், குளித்து, திருநீறு பூசிக்கொண்டு சொர்ணம்மையின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, இன்னையிலேருந்து இனிப்பைத் தொடமாட்டேன். ராத்திரிச் சோறு கிடையாது, கேழ்வரகுக் கூழ்தான். விடியறதுக்குள்ள மலையை ஒரு சுத்து சுத்தி வந்துடுவேன்."

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நல்லதுங்க ஐயா. நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

தில்லையப்பரின் முகம் மலர்ந்தது.

"நேத்தா? மகன் வீட்டுக்குப் போயிருந்தேம்மா. மாமா இனிமே இதெல்லாம் தொடமாட்டார்னு மருமக கேள்விப்பட்டுட்டா. சர்க்கரைப் பொங்கல், உளுந்து வடை, போளி. போளி மேல நெய் ஊத்தினா பாருங்க, இலையோட ஓரத்துக்கே ஓடிப்போச்சு."

"வடை எப்படி?"

"வெளியே மொறுமொறு. உள்ளே பஞ்சு."

"ம்" என்று சொல்லி அம்மை அடுத்த கட்டுக் கீரையைப் பிரித்தார்.

விரதம் நான்கைந்து நாள் நன்றாகத்தான் போனது. பிறகு மடத்துக்குப் பால் ஊற்றுகிறவர் வீட்டில் காதுகுத்து வந்தது. வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்களே என்று ஒரு லட்டை வாயில் போட்டார். போட்டதும் விரதம் உடைந்தது. உடைந்ததை ஒட்டவைக்க முடியுமா? அடுத்த நல்ல நாள் வரட்டும் என்று, அதுவரைக்கும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டார்.

எங்கே தப்பு நடந்தது என்று யோசித்துப் பார்த்தார். பஞ்சாங்கத்தைப் புரட்டியதும் பிடிபட்டுவிட்டது.

"வளர்பிறையில ஆரம்பிச்சேன் பாருங்க மாசிலாமணி, அதான் கோளாறு. வளர்பிறையில எல்லாம் வளரும். உடம்பும் வளர்ந்துடுச்சு. இந்தத் தடவை தேய்பிறை."

மாசிலாமணி சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைப்பதுபோல் பாவனை செய்தார்.

சித்திரைத் தேய்பிறையில் தில்லையப்பர் மறுபடி அம்மையின் முன்னால் நின்றார். இந்தத் தடவை அரிசியே கிடையாது, மலையை இரண்டு சுற்று என்றார். அம்மை முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நல்லதுங்க ஐயா. நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

அல்வா சாப்பிட்டிருந்தார். எந்தக் கடை அல்வா, எப்படி இலையில் ஒட்டாமல் வழுக்கியது என்பது வரைக்கும் சொன்னார். பேச்சு முடியும்போது அவருக்கே ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது. இந்த அம்மை ஏன் விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை? நேற்றைய சாப்பாட்டை மட்டும் ஏன் கேட்கிறார்?

அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. நடக்கும்போதும், கூழ் குடிக்கும்போதும், விரதம் உடைந்து கூழை நிறுத்திய பிறகும்கூட விடவில்லை.

"ஒருவேளை அம்மைக்கும் ஆசை இருக்குமோ?" என்று மாசிலாமணியிடம் கேட்டார்.

"எதுக்கு?"

"இனிப்புக்குத்தான். வாய்விட்டுக் கேட்க முடியாம, என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கறாங்களோ என்னமோ."

மாசிலாமணி மறுபடி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். தில்லையப்பருக்கோ பொறுக்கவில்லை. ஆடியில் மூன்றாவது விரதம் தொடங்கிய காலையில், முந்தின இரவு தான் சாப்பிட்டதில் ஒரு பங்கு அதிரசத்தை வாழையிலையில் மடித்து எடுத்துவந்து அம்மையின் முன்னால் வைத்தார்.

அம்மை பிரித்துப் பார்த்தார். மகிழ்ச்சியாக ஒன்றை எடுத்து ருசித்துச் சாப்பிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு ஐயா. வெல்லம் நல்ல வெல்லம்."

பிறகு மீதியை அங்கிருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டார். தில்லையப்பர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிக்காதவர் ஒன்றோடு நிறுத்தலாம். பிடித்தவர் எப்படி நிறுத்துகிறார்?

கையைத் துடைத்தபடி அம்மை கேட்டார்:

"நேத்து ராத்திரி நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"இதேதாம்மா. கொஞ்சம் கூடுதலா."

அந்த விரதமும் ஆடியைத் தாண்டவில்லை. ஆவணியில் ஒருநாள் மலையின் முதல் திருப்பம்வரை ஏறிப் பார்த்தார். கால் கேட்கவில்லை. கார்த்திகைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. நேரே அம்மையிடம் போனார்.

"அம்மா, மத்தவங்க ஒரு குறிக்கோள் வெச்சா அதை முடிச்சுக் காட்டறாங்க. நான் அவங்களைவிட வைராக்கியமாத்தான் ஆரம்பிக்கறேன். எனக்கு மட்டும் ஏன் கைகூடலை?"

"நாளைக்கு மடத்துக்கு நெய் உருக்கணும்" என்றார் அம்மை. "நீங்க வந்து உருக்கிக் கொடுங்க."

இதுதான் பதிலா என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் நெய் என்றதும் கால்கள் தாமாகவே அடுப்படிக்குப் போயின. போவதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. நெய் உருக்கும் நாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, பஞ்சாங்கத்தில் நல்ல நாள். புது விரதத்தை அன்றைக்கு வைத்திருந்தார். நெய் உருக்கிய சட்டியின் அடியில் தங்கும் கசண்டில் வெல்லத்தைப் போட்டுப் பிசைந்தால், அதற்கு ஈடு எதுவும் கிடையாது. வெல்லத்தைப் பொடித்து ஒரு கிண்ணத்தில் போட்டு, உப்பு ஜாடிக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை, அவ்வளவுதான்.

வெண்ணெய் உருகியது. முதலில் படபடவென்று பொரிந்தது. பிறகு நுரை கட்டியது. சத்தம் மெல்ல அடங்க அடங்க, தில்லையப்பர் வேறு மனிதராக மாறினார். மண்டிக்கார முகம் திரும்பி வந்தது. காதைச் சட்டிப் பக்கம் சாய்த்துக்கொண்டார். ஒரு கொத்து முருங்கையிலையைக் கிள்ளிப் போட்டார். அது சுருண்டு மொறுமொறுத்தது. மணம் எழுந்தது. பிடிதுணியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா."

வாசலில் அம்மை நின்றிருந்தார்.

"இப்போ ராகுகாலம். அது கழிஞ்சதும் இறக்கலாம்."

தில்லையப்பர் அம்மையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.

"அம்மா, பதம் வந்துடுச்சு."

"ராகுகாலத்துல போய் நல்ல காரியம் செய்வாங்களா? நல்ல நேரம் பார்த்து இறக்குங்க."

குருவின் வார்த்தை. இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் மீறியதில்லை. பிடிதுணியைச் சட்டிவரை நீட்டினார், பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சட்டியின் ஓரத்தில் பொன்னிறம் ஒரு பூச்சு கூடியது. மணத்தில் கருகல் எட்டிப்பார்த்தது. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. ஒரே பிடியில் சட்டியை இறக்கித் தரையில் வைத்துவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார். மூச்சு வாங்கியது.

"நல்ல நேரம் பார்க்கலையா?"

"இது நேரம் பார்த்துக்கிட்டு நிக்கற காரியமாம்மா? கருகிடும்!"

அவர் குரல் உயர்ந்துவிட்டது. அம்மை கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தில்லையப்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெய்யை வடிகட்டி ஜாடியில் ஊற்றினார். கசண்டில் வெல்லத்தைக் கொட்டிச் சூட்டோடு பிசைந்து, முதல் உருண்டையை வாயில் போட்டார். கண் தானாக மூடிக்கொண்டது. நாளையிலிருந்து இது இல்லை என்று நினைத்ததும் ருசி இரண்டு மடங்காகிவிட்டது. இரண்டாவது உருண்டையைப் பிடித்துக்கொண்டே, நாளைக்குக் காலையில் அம்மை கேட்டால் இதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வார்த்தை தேடினார். 'கசண்டு சாப்பிட்டேம்மா, இளஞ்சூட்டுல...'

கை நின்றது.

வாயிலிருந்த உருண்டை பாதி கரைந்திருந்தது. அதைத் துப்பவும் மனம் வரவில்லை, மெல்லவும் முடியவில்லை. தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அம்மை பார்த்த அதே இடம். இது மட்டும் நேரம் பார்த்துக்கிட்டு நிக்கற காரியமா? அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. ராகுகாலம் இன்னும் முடியவில்லை.

பாதியை விழுங்கினார். பிடித்த உருண்டையைச் சட்டியிலேயே போட்டார். சட்டியைக் கொண்டுபோய்க் கோசாலைப் பசுவின் முன்னால் வைத்துவிட்டு, நெய் மணக்கும் கையோடு, செருப்பை மாட்டிக்கொண்டு குளத்தங்கரைவரை நடந்துவிட்டு வந்தார். வெயில் கொளுத்தியது. நடப்பதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் அம்மையின் முன்னால் போய் நிற்கவில்லை; சாயங்காலம் கூழைக் குடித்துவிட்டுக் குளத்தங்கரைவரை நடந்துவிட்டு வந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாததால், யாரும் அவருக்குக் கடைசி விருந்து வைக்கவும் இல்லை.

பிள்ளையார் சதுர்த்திக்கு மருமகள் கொழுக்கட்டை அனுப்பினாள். வேண்டிய அளவுக்கு மேலேயே சாப்பிட்டுவிட்டார். பழைய வழக்கப்படி அடுத்த நல்ல நாளைத் தேடப் பஞ்சாங்கத்தை எடுத்தார். எடுத்தவர் அதை மடித்துப் பரணில் போட்டுவிட்டு, சாயங்காலம் எப்போதும்போலக் கூழைக் குடித்துவிட்டுக் குளத்தங்கரைக்குப் போனார். இது என்ன விரதம் என்று அவருக்கே புரியவில்லை. இதற்கு ஒரு பெயர் வைக்கலாமா என்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வாரம் குளத்தைத் தாண்டி நடந்தார். அதற்கும் அடுத்து, மலையின் முதல் திருப்பம்.

ஐப்பசியில் ஒருநாள் "ஐயோ!" என்று ஒரு சத்தம். மாசிலாமணி ஓடிவந்தார். தில்லையப்பர் வெறுங்காலோடு ஒற்றைக் காலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு குத்திடுச்சு மாசிலாமணி! வலிக்குது! நல்லா வலிக்குது!"

இப்படி ஒரு சந்தோஷத்தை மாசிலாமணி அதற்கு முன் பார்த்ததில்லை.

கார்த்திகை வந்தது. விடிந்ததும் மடத்து முற்றத்தில் நெய்க்குடம் நெல்லின் மேல் நின்றது. பக்கத்தில் மாசிலாமணி தோளில் சும்மாட்டுத் துணியோடு தயாராக நின்றிருந்தார். போன வருஷம் சுமந்தவர் அவர்தானே? ஊரும் அவரைத்தான் பார்த்தது.

தில்லையப்பர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அம்மை என்ன கேட்பார் என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தார். எவ்வளவு தூரம் நடக்கிறார், எந்தத் திருப்பம்வரை ஏறினார், வைத்தியர் என்ன சொன்னார் என்று எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. முன்னால் வந்து கைகூப்பினார்.

"அம்மா, இந்தத் தடவை குடத்தை நான்..."

அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

தில்லையப்பர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கூழா? இல்லை, அது முந்தாநாள். தோசையா? கூட என்ன இருந்தது, துவையலா? யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டோம்? அல்வா வழுக்கியதுவரை சொன்னவருக்கு, எவ்வளவு துழாவியும் நேற்றைய இரவு கைக்கு அகப்படவில்லை. முற்றம் முழுக்க அவர் பதிலுக்காகக் காத்திருந்தது. இத்தனை மாதம் பாடுபட்டு, இந்தச் சின்னக் கேள்வியில் வந்து சறுக்குகிறோமே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஞாபகம் வரலையேம்மா" என்றார், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

அம்மை மாசிலாமணியின் தோளிலிருந்து சும்மாட்டுத் துணியை எடுத்தார். சுருட்டிக்கொண்டே தில்லையப்பரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்போ கொஞ்சம் குனிங்க ஐயா" என்றார். "குடத்தை வெக்கறேன்."