கிட்டாருக்கு வைத்த பொட்டு

மெல்லிசைக் குழு நடத்தும் ‘கிட்டார் திலகம்’ ஞானசிகாமணி, நாலாவது தடவையாக மரியபுஷ்பத்தின் ரிப்பேர் கடைக்கு வந்தார். பின்னாலேயே குழு முழுவதும் வந்து நின்றது.

“நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? ரெண்டு பாட்டுக்குள்ள சுருதி போயிடுது! சாயங்காலம் கச்சேரி. இனிமே ஒரு சாமான் மாத்தக் கூடாது, ஒரு ஸ்குரூவைத் தொடக் கூடாது. ஆனா சுருதி நிக்கணும். இல்லன்னா கடையை மூடிட்டுப் போ!”

முன்பு வந்தபோதெல்லாம், கம்பியை இறுக்கும் முறுக்காணியையும் கம்பியையும் மாற்றச் சொன்னதே அவர்தான். அது மட்டும் அவருக்கு வசதியாக மறந்துவிட்டது.

மரியபுஷ்பம் பல்லைக் கடித்துக்கொண்டு கிட்டாரை வாங்கினாள். கழுத்து முனையில், கம்பிகள் உட்காரும் ஆறு பள்ளங்களிலும் சந்தனம் அப்பியிருந்தது. போன வாரம் துடைத்து அனுப்பிய இடம்!

“இது என்ன சார்?”

“திருஷ்டிப் பொட்டு. சுருதி போகப் போக நானும் கூடக் கூட வைக்கிறேன். அப்பவும் போகுதே!”

அவள் கம்பிகளைத் தளர்த்தி, சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துப் பள்ளங்களைச் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. கம்பி வழுக்கி நகர, பென்சில் முனையை அங்கே தேய்த்து, சுருதி சேர்த்து நீட்டினாள்.

“நல்லா இழுத்து வாசிங்க.”

இழுத்தார். விட்டதும் கம்பி சுருதிக்கே திரும்பியது. பத்து தடவை இழுத்தும் அப்படியே நின்றது.

“சந்தனத்துல ஒட்டிக்கிட்ட கம்பி எப்படி சார் திரும்பி வரும்?”

டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். திலகத்துக்கு முகம் சிவந்தது.

“அப்போ திருஷ்டிக்கு என்ன பண்றதாம்?”

“உங்க நெத்தியில வைங்க சார். அங்க அடைபட ஒண்ணுமில்ல.”