பலகையை விட்டுக் கண்ணெடுக்காதவர்கள்

அரைக்குளத்தில் புத்தியுள்ளவர்கள் எல்லாரும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். இது மிச்சம் இருந்தவர்களின் கதை.

மிச்சத்தில் மூத்தவள் அம்சவேணி. வரலாற்றில் எம்.ஏ. நடந்து முடிந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். நடக்கப்போவதுதான் ஒன்றும் தெரியாது. வருகிற வெள்ளிக்கிழமை முப்பத்தைந்து முடிகிறது. அதற்குமேல் எந்த விண்ணப்பத்திலும் அவளுக்கு இடமில்லை. ஆகவே திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டுத் தில்லைநாயகியையும் அவள் தம்பி ருக்மாங்கதனையும் கூட்டிக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகம் போனாள்.

"வேலை வந்தா இந்தப் பலகையில ஒட்டுவோம்மா," என்றார் எழுத்தர். "பார்த்துக்கிட்டே இருங்க. கண்ணை எடுத்தீங்க, போச்சு."

மூவரும் பலகைக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"அக்கா, இமைக்கலாமா?" என்றான் ருக்மாங்கதன், கண் கலங்கிய பிறகு.

"இமைச்சா கண்ணை எடுத்த மாதிரிதானேடா?" என்றாள் அம்சவேணி.

"அப்ப முறை வச்சுக்குவோம். ஒருத்தர் இமைக்கிறப்ப மத்த ரெண்டு பேரும் முழிச்சிருக்கணும்."

அவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண எண்ண, இமைகள் வரிசையாக மூடித் திறந்தன. மத்தியானம் தில்லைநாயகி பலகையைப் பார்த்தபடியே எலுமிச்சை சாதத்தைத் தம்பியின் காதில் ஊட்டினாள்.

"உப்புக் கம்மிக்கா," என்றான் அவன்.

வியாழக்கிழமை காலை எழுத்தர் ஒரு தாளை ஒட்டினார். ஆவணக் கிடங்குக்கு மூன்று பேர் தேவை. இன்று பத்து மணிக்கு மாடியில் நேர்காணல்.

அம்சவேணி எழப்போனவள் மறுபடி உட்கார்ந்தாள். "நாம மாடிக்குப் போயிட்டா பலகையை யாரு பார்க்கிறது?"

நெடுநேரம் யோசித்தார்கள். பிறகு ருக்மாங்கதன் பலகையைச் சுவரில் அடித்திருந்த ஆணிகளைப் பிடுங்கினான். மூவரும் பலகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படியேறினார்கள். வழியில் ஒரு தண்ணீர்ப் பானை உடைந்தது. ஒரு கண்காணிப்பாளர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கீழே வந்த மற்றவர்கள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் ஒண்ணும் வரலை" என்று வீடு திரும்பினார்கள்.

மூன்று இடத்துக்கு மூன்றே பேர். அதிகாரி பெருமூச்சு விட்டார். "ஏம்மா, என்னைப் பார்த்துப் பேச மாட்டீங்களா?"

"கண்ணை எடுத்தா வேலை போயிடும், சார்."

"முன் அனுபவம்?"

"நாலு நாள், சார். முறை வச்சுத்தான் இமைச்சோம்."

வேறு ஆளில்லை. கையெழுத்துப் போட்டார். "இந்தாங்க உத்தரவு. நாளையிலேர்ந்து வேலைக்கு வரணும்."

"பலகையில ஒட்டிடுங்க, சார். படிச்சுக்கறோம்."

ஒட்டினார். தன் பெயரைப் படித்ததும் அம்சவேணிக்குக் கண்ணீர் வந்தது. இமைக்கும் முறை வந்தபோதுதான் துடைத்துக்கொண்டாள். அப்புறம் திடுக்கிட்டு மற்ற இருவரிடமும் ஏதோ கிசுகிசுத்தாள்.

மூவரும் பலகையைப் பார்த்தபடியே கோணல்மாணலாக விடுப்பு விண்ணப்பம் எழுதி அதிகாரியிடம் நீட்டினார்கள்.

காரணம்: நாளை முதல் வேலை தேட வேண்டியிருக்கிறது.