அராவிய வளையம்

“பொருந்த மாட்டேங்குது டீச்சர்” என்றார் தணிகாசலம்.

“எதோட எது?” என்றாள் செலின்.

தணிகாசலம் புதுக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் படம் எடுத்தே தலை நரைத்தவர். முகத்தில் வெளிச்சம் மெத்தென்று விழ என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொள்ள, தன் மகளைவிடச் சற்றே மூத்த செலினின் புகைப்பட வகுப்பில் வந்து சேர்ந்திருந்தார். அதற்கு வெட்கப்படவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்.

கொண்டு வந்ததை மேஜையில் பரப்பினார். பழைய ஃப்ளாஷ் விளக்கு ஒன்று, இரும்பு உடம்பு. புதிய சாஃப்ட்பாக்ஸ் ஒன்று, அதாவது வெளிச்சத்தை மென்மையாக்குகிற துணிக்கூடு. கூட்டை விளக்கின் வாயில் மாட்டுவதற்கான அலுமினிய வளையம் இரண்டு துண்டாகக் கிடந்தது.

“வளையம் விளக்குல ஏறல. அரத்தால உள்பக்கமா அராவினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு அராவினேன். ஏறிடுச்சு. கூட்டோட கம்பியெல்லாம் சொருகி இழுத்ததும் பட்டுனு விட்டுருச்சு.”

“விளக்கை அராவ வேண்டியதுதானே?”

“அது இரும்பு டீச்சர். அசையாது. வளையம்னா இளசு. அராவினா கேக்கும்.”

செலின் அரத்தின் கீறல்கள் மேல் விரலை ஓட்டினாள்.

“என்னண்ணே இவ்வளவு அவசரம்?”

“ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்க. எம் பொண்ணு அபிராமி கோவிச்சுக்கிட்டு வந்து மாசக்கணக்காச்சு. பேசி முடிச்சுட்டேன். கூட்டிட்டுப் போறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் உக்கார வெச்சு ஒரு படம் எடுக்கணும். அவ முகம் வாடிக் கிடக்கு. இந்த வெளிச்சத்துல அது தெரியாதுல்ல?”

“அவ என்ன சொல்றா?”

“அவ என்ன சொல்லுவா? பத்துப் பொருத்தமும் பாத்துத்தான் கட்டிக் கொடுத்தோம். நீதாம்மா கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்னேன். தங்கமான பொண்ணு. சொன்னா கேப்பா.”

செலினுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. மனுஷர் தூங்கியே நாளாகியிருந்தது.

எழுந்து போய், அலமாரியிலிருந்து அரம் படாத வளையம் ஒன்றை எடுத்து வந்தாள். அதில் கூட்டை விரித்து ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினாள். விளக்கை இன்னொரு ஸ்டாண்டில், அதற்குப் பின்னால் நிறுத்தினாள்.

தணிகாசலம் இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போய் வந்தது.

“ஒட்டவே இல்லையே டீச்சர்.”

“ஒட்டல.”

“அப்போ இந்தக் கூடு எப்படி நிக்கும்?”

“அதுக்குத்தான் தனி ஸ்டாண்ட் இருக்கே. அது பாட்டுக்கு நிக்கும்.”

“சந்து வழியா வெளிச்சம் சிந்துமே. பாக்க நல்லாவா இருக்கும்?”

“கொஞ்சம் சிந்தும்ணே. சிந்தட்டும்.”

அவரையே முக்காலியில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தாள். கேமரா திரையைக் காட்டினாள்.

வெளிச்சம் அவர் கன்னத்தில் மெத்தென்று விழுந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு அப்படியே இருந்தது.

தணிகாசலம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜைக்குப் போனார். உடைந்த வளையத்தை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். விட்டுப்போன இடம் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது.

“அராவும்போது தெரியலையே” என்றார். “கேக்குதுன்னுல்ல நெனச்சேன்.”

செலின் விளக்கை அணைக்கப் போனாள்.

அவர் போனை எடுத்தார். மகளின் எண்ணை அழுத்தினார்.

“அபி, அப்பா பேசறேம்மா. ஞாயித்துக்கிழமை அவங்கள வரச் சொல்லட்டுமா, வேணாமா? நீ சொல்லு.”

அந்தப் பக்கம் அபிராமி பேச ஆரம்பித்தாள்.

தணிகாசலம் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டார்.