இடது ஹாரனில் ஒரு ‘டிக்’

“அம்மணி, என்ற ஹாரனுக்குள்ள ஒரு ‘டிக்’ இருக்குதுங்க.”

பல் டாக்டர் ரத்தினசபாபதி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

பாவாத்தாள் அம்மணி நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் முறத்தை வைத்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

“பல்லுல டிக்குன்னா நீங்க பாப்பீங்க. ஹாரன்ல டிக்குன்னா நான் பாக்கோணுமாக்கும். உக்காருங்க.”

டாக்டர் உட்கார்ந்தார். அந்த வரிசையில் உடையாமல் இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான்.

அது தாராபுரம் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு சினிமாக் கொட்டகை. படம் நின்றுபோன பிறகும் அம்மணி அங்கேதான் குடியிருந்தார். திரைக்குப் பின்னால் இரண்டு ஹாரன்கள், அந்தக் காலத்துப் பெரிய ஒலிபெருக்கிகள். கீழே மரத்தால் செய்த பெட்டி, கிணறு மாதிரி வாய். அதற்கு மேலே ஊமத்தம்பூவைப் போல விரிந்த தகரக் குழல். படத்தில் இடி இடித்தால் மூன்று ஊர் தள்ளி மயில் தோகை விரிக்குமாம். மயிலிடம் விசாரித்தவர் யாரும் இல்லை. இல்லை என்று மயிலும் இதுவரை சொன்னதில்லை.

வீட்டுக்குள் யானை வளர்க்க ஆசைப்பட்டு, வீட்டில் ஒத்துக்கொள்ளாததால் ஹாரன் வாங்கியவர்கள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள். கொச்சியில் இருக்கிறார்கள், பெங்களூரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் அம்மணியிடம்தான் வருவார்கள். தலை நரைத்த ஆட்கள், தங்கள் பெண் வயதுள்ள அம்மணிக்கு முன்னால் கைகட்டி நிற்பார்கள். அம்மணி அதிகம் பேசமாட்டார். ஒருவருக்குச் சன்னலைத் திறந்துவிட்டு அனுப்பினார். இன்னொருவருக்கு ஒரு டம்ளர் மோர்.

“எப்பத்திலிருந்து?” என்று கேட்டார் அம்மணி.

“ரெண்டாம் நாள்ல இருந்துங்க.”

“மொத நாள்?”

டாக்டரின் முகம் மாறியது.

முதல் நாள் என்பது டாக்டரின் ஊரான உடுமலைப்பேட்டையில் பேசப்பட்ட நாள். அவர் வாங்கி வந்து இறக்கிய ஹாரன்கள் வாசலில் நுழையவில்லை. டாக்டர் யோசிக்கவே இல்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கூடத்துச் சுவரை இடித்து, ஹாரன்களை உள்ளே தள்ளி, சுவரைத் திரும்பக் கட்டினார். வீட்டுக்குள் ஹாரன் என்பது போய், ஹாரனைச் சுற்றி வீடு என்றாகிவிட்டது.

அன்று சாயங்காலம் ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகள் சூடேறிச் செந்நிறமாக மினுங்கியபோது ஒரு பழைய இசைத்தட்டை வைத்தார். ஊர் பேர் தெரியாத ஒரு பெண் பாடிய பாட்டு. முதல் வார்த்தை வந்ததும் அந்தப் பெண் கூடத்தின் நடுவில் வந்து நின்றுவிட்டாள். டாக்டரின் மனைவி சுலோசனா சமையலறையிலிருந்து வந்தவர், சேலையைச் சரிசெய்துகொண்டு, வெறும் காற்றைப் பார்த்து, “காப்பி குடிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டார்.

டாக்டர் அன்று அழுதார். அழுகையில் முதல் அடியோடு முள்ளைத் தூக்கிவிட்டார்.

மறுநாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். டிக்.

“என்னென்ன பண்ணுனீங்க?”

“வயரை மாத்துனேன். வால்வை மாத்துனேன். ஹாரனுக்கு அடியில கருங்கல் பலகை போட்டேன். கல்லுக்கு அடியில மணல் மூட்டை வெச்சேன். கரண்ட்டுல தூசி வருதுன்னு ஒருத்தர் சொன்னாருங்க. ஃப்ரிட்ஜை வித்துட்டேன்.”

“வீட்டுல என்ன சொன்னாங்க?”

“திரிஞ்ச பாலை வாசல்ல வெச்சு, ‘இதுவும் டிக்குங்குதான்னு பாருங்க’ன்னாங்க.”

அம்மணி ஒரு அவரைக்காயை ஒடித்தார்.

“ஞாயித்துக்கெழமை ஹாரனை வாங்கிக்கக் கொச்சிக்காரர் ஒருத்தர் லாரியோட வர்றாருங்க,” என்றார் டாக்டர். “கொத்தனாருக்கும் சொல்லியாச்சு. மறுபடி சுவரை இடிச்சாத்தான் வெளிய எடுக்க முடியும். குடுக்க மனசு வரலீங்க அம்மணி. வெச்சிருக்கவும் முடியல. ராத்திரி கண்ணை மூடினா டிக். நோயாளி வாயைத் திறந்தா டிக். அதை மட்டும் எடுத்துக் குடுத்தீங்கன்னா லாரியைத் திருப்பி அனுப்பிச்சிருவேன்.”

“என்ன பாட்டு?”

“‘வெயிலே சற்றே நில்லாயோ.’ அந்த நில்லாயோ முடியற எடத்துல, இடது ஹாரன்ல, டிக்.”

“அப்புறம்?”

“எந்திரிச்சுப் போயி முள்ளைத் தூக்கிருவனுங்க. தட்டைத் துடைச்சு, திரும்ப மொதல்ல இருந்து.”

“அப்புறம்?”

“திரும்ப டிக்.”

“வெயில் நின்னுச்சுங்களா?”

டாக்டர் எட்டி வெளியே பார்த்தார். டிக்கெட் கொடுக்கும் சன்னலில் வெயில் விழுந்து கிடந்தது.

“இன்னும் அடிக்குதுங்க அம்மணி.”

அம்மணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து திரைக்குப் பின்னால் போனார். டாக்டரும் பின்னாலேயே போனார். இரண்டு ஹாரன்களில் ஒன்றுக்குத்தான் வயர் மாட்டியிருந்தது.

“இன்னொன்னு பாடாதுங்களா?”

“அதுல ஆள் குடியிருக்குது.”

அம்மணி அந்த மர வாய்க்குள் தோள்வரை கையை விட்டார். உள்ளே ஒரு சின்னத் தகராறு நடந்தது. கை வெளியே வந்தபோது அதில் ஒரு கடுவன் பூனை தொங்கியது. சாம்பல் நிறம், சுமோ பயில்வான் உடம்பு.

“பேரு இடைவேளை. கொண்டு போங்க.”

டாக்டர் பூனையை வாங்கிக்கொண்டார். ஞானத்தைக் கேட்டு வந்தவர் கொடுத்ததை வாங்கத்தானே வேண்டும்.

“இதை எங்க வெக்கறதுங்க அம்மணி?”

“அதுக்குத் தெரியும்.”

அவர் மறுபடியும் அவரைக்காய்க்குத் திரும்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது மூடிபோட்ட கூடையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் யோசித்தார். அடர்த்தியான ரோமம். அதிர்வை உறிஞ்சும். எடையும் நல்ல எடை. கருங்கல்லைவிட இளக்கம், மணலைவிட இறுக்கம். இதை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை?

வீட்டில் சுலோசனா கூடையைத் திறந்து பார்த்தார்.

“டிக்குக்கு மருந்து கேக்கப் போனீங்க. பூனையைக் குடுத்து அனுப்பிச்சாங்களா?”

“சாதாரணப் பூனை இல்ல சுலோ. ஆடியோவுக்குன்னே இருக்கறது.”

“அப்படீங்களா? மீன் திங்குமா, வயர் திங்குமா?”

டாக்டர் வேலையைத் தொடங்கினார். பூனையை இடது ஹாரன் மேல் உட்கார வைத்தார். அது குதித்து இறங்கியது. டிக். ஹாரன் வாய்க்குள் விட்டார். அது பிறந்த வீடுபோல இருந்ததால் தூங்கிவிட்டது. டிக். வால்வுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தச் சூடு அதற்குப் பிடித்திருந்தது. பூனை உருகிப் பக்கத்து மேசைவரை வழிந்தது. டிக்.

“பின்பக்கமா வெச்சுப் பாருங்களே,” என்றார் சுலோசனா. “வாலு வடக்க பாத்து இருக்கோணுமோ என்னமோ.”

அவர் கேலிக்குத்தான் சொன்னார். டாக்டர் அதையும் செய்து பார்த்தார்.

வெளியே வேப்பமரத்தில் ஒரு மைனா இருந்தது. இந்த வீட்டுப் பாட்டைக் கேட்டுக் கேட்டு அதற்கும் வந்துவிட்டது. வெயிலே சற்றே நில்லாயோ என்று இழுக்கும். ‘டிக்’ என்று சொல்லும். பிறகு பேசாமல் இருந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்தத் தெருவில் யாருக்கும் அந்தப் பாட்டில் அதற்கு மேல் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொத்தனார் மாரப்பன் கடப்பாறையோடு வந்துவிட்டார். வெளிச்சுவரில் சாக்பீஸால் ஒரு பெரிய கட்டம் போட்டார். முன்பு இடித்துக் கட்டியதும் அவர்தான்.

கொச்சிக்காரர் போன் செய்தார். லாரி பொள்ளாச்சி தாண்டிவிட்டதாம்.

“இடிச்சரலாமுங்களா?” என்று கேட்டார் மாரப்பன்.

“ஒரே ஒருக்கா கேட்டுக்கறேன் மாரப்பா.”

“டிக்கு வரைக்கும்தானுங்களே? கேளுங்க. நான் ஒரு பீடி குடிச்சிட்டு வந்தர்றேன்.”

டாக்டர் தட்டைத் துடைத்தார். முள்ளை வைத்தார். கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இரண்டு ஹாரன்களும் சரிசமமாகக் காதில் விழும் இடம் அது ஒன்றுதான். இன்னொரு நாற்காலி போட்டால் சத்தம் கெட்டுவிடும் என்று மற்றதையெல்லாம் எப்போதோ மாடிக்கு ஏற்றிவிட்டார்.

எங்கிருந்தோ இடைவேளை வந்தது. அவர் மடியில் ஏறியது. தன் வாலைத் தானே விசாரிப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. தூங்கிவிட்டது.

*வெயிலே சற்றே நில்லாயோ…*

டிக்.

டாக்டரின் உடம்பு தானாக எழுந்தது.

இடைவேளை கண்ணைத் திறக்கவில்லை. முன்னங்கால் நகங்களை மட்டும் திறந்தது. வேட்டியைத் தாண்டித் தொடையில் நிறுத்தியது.

காலமெல்லாம் பிறர் வாய்க்குள் ஊசியை வைத்துக்கொண்டு, “வலிக்காது, அசையாதீங்க” என்று சொன்ன மனிதர் அசையாமல் உட்கார்ந்தார்.

திரும்ப ஒருமுறை எழப் பார்த்தார். இந்த முறை பின்னங்கால்.

அதற்குள் பாட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது.

அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஒரு புல்லாங்குழல் வந்தது. அது இத்தனை நாள் அந்தத் தட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. பாடுகிற பெண் முற்றத்தில் நெல்லைக் காயப்போட்டிருந்தாள். மேகம் வருவதைப் பார்த்துக் கெஞ்சினாள். வெயிலுக்கு மோர் தருகிறேன் என்றாள். பாய் விரிக்கிறேன் என்றாள். காலால் நெல்லைக் கிளறினாள். மிருதங்கம் அவளோடு சேர்ந்து கிளறியது.

சமையலறை வாசலில் சுலோசனா கரண்டியோடு வந்து நின்றார். டாக்டர் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“சும்மா இருங்க,” என்றார் சுலோசனா. “நெல்லு காஞ்சுதான்னு பாக்கலாம்.”

காய்ந்தது. வெயில் நிற்கவில்லை. கடைசி அடியில் அந்தப் பெண்ணே வாசல்வரை நடந்து வந்து, போய் வா வெயிலே, நாளைக்கு வா என்று வழியனுப்பினாள். வயலின் அவளுக்குப் பின்னாலேயே நடந்து போய்ச் சின்னதாகி மறைந்தது.

பாட்டு முடிந்தது.

முள் வெறும் கோட்டில் சரசரவென்று ஓடியது. முள் தேயக்கூடாதென்று டாக்டர் எந்தத் தட்டையும் இந்தச் சரசரப்பு வரைக்கும் விட்டதில்லை. எழ முடியாது. மடியில் இடைவேளை குறட்டை விட்டது.

அந்தச் சரசரப்புக்குள் ஒருவர் மூச்சு விட்டார்.

ஸ்டுடியோவில் யாரோ மெஷினை நிறுத்த மறந்திருக்க வேண்டும். சேலை உரசியது. ஒரு கை இறங்கி மேசைமேல் பட்டது. அந்தக் கையின் வளையல் மரத்தில் தட்டியது. நில்லாயோவில் வந்த அதே சத்தம்.

டிக்.

பிறகு இடது ஹாரனிலிருந்து அந்தப் பெண்ணின் குரல். பாட்டுக் குரல் இல்லை. பயந்த, சாதாரணப் பேச்சுக் குரல்.

“போதுங்களா சார்? இல்ல, இன்னொருக்கா பாடட்டுங்களா?”

தட்டில் அதற்குப் பதில் இல்லை. முள் ஓடிக்கொண்டிருந்தது.

சுலோசனா ஹாரனைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். அந்தப் பெண் இன்னும் கூடத்து நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

“போதும்மா,” என்றார். “நல்லா இருந்துச்சு.”

தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. சன்னலுக்கு வெளியே கடப்பாறையைத் தோளில் வைத்துக்கொண்டு மாரப்பன் வந்து நின்றார்.

“என்னுங்க டாக்டரே, ஆரம்பிச்சரலாமுங்களா?”

டாக்டர் உதட்டில் விரலை வைத்தார். மடியைக் காட்டினார்.

“மெதுவாப் பேசு மாரப்பா. பூனை தூங்குது.”