மெஷினில் போட்ட தையல்

பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தை கூடும். காரில் வருபவர்கள் டிக்கியைத் திறந்துவைத்தே வியாபாரம் செய்வார்கள். வேலை பார்த்த தையல் கம்பெனி மூடிவிட்டதால், சொந்தமாக ஒரு மெஷின் தேடி வந்திருந்தாள் பூங்கோதை.

துரைக்கண்ணு என்ற வியாபாரியின் கார் டிக்கியில் ஒரு தையல் மெஷின் இருந்தது. “தொட்டாப் போதும், பறக்கும்!” என்று கூவிக்கொண்டிருந்தார். பூங்கோதை சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். அது அசையவே இல்லை.

“துருப்பிடிச்சு இறுகிப்போச்சேண்ணே?”

அவருக்குச் சுருக்கென்றது. “தைக்கத் தெரியாதவளுக்கு எந்த மெஷினும் ஓடாது! எங்கே, இந்த மெஷின்ல ஒரு தையல் போட்டுக் காட்டு. சும்மாவே தூக்கிட்டுப் போ!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூங்கோதைக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நகரவில்லை.

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“துரைக்கண்ணு சொன்னா சொன்னதுதான்!”

அவர் தோள் துண்டின் ஓரம் பிரிந்திருந்தது. அதைக் கேட்டு வாங்கி மெஷினின் மேல் விரித்தாள். பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, கையாலேயே தைத்துக் கொடுத்தாள்.

“நீங்க சொன்னபடி மெஷின்லதாண்ணே தையல் போட்டேன்.”

“இது ஏமாத்து! மெஷினை ஓட்டித் தைக்கணும்!”

“சரிண்ணே. நீங்க ஒரே ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க, மிச்சத்தை நான் தைக்கிறேன்.”

துரைக்கண்ணு இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து முக்கினார். வியர்த்ததுதான் மிச்சம். கூட்டம் கைதட்டியது. “சரி, சொன்னது சொன்னதுதான், தூக்கிட்டுப் போ!” என்று அவர் விலகிக்கொண்டார். பக்கத்தில் சைக்கிள் விற்றவர் ஒரு கை பிடித்து, மெஷினை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

எதுவும் உடைந்திருக்கவில்லை, வெறும் துருதான். மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்ததும் சக்கரம் சுழன்றது. பூங்கோதை ஓர் அட்டையில் ‘ஜாக்கெட் தைத்துத் தரப்படும்’ என்று எழுதி வாசலில் மாட்டினாள்.