விரிசல் விட்ட விளாம்பழம்

ஏரிக்கரைக் காடு ஒன்றில் யானைகளும் காட்டெருமைகளும் கரடிகளும் கிரிக்கெட் ஆடிவந்தன. விளாம்பழம்தான் பந்து. பனைமட்டைதான் மட்டை. ஏரியை ஒட்டிய புல் மைதானம் அந்த மூன்று கூட்டத்துக்கு மட்டுமே சொந்தம். யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். அவற்றின் உடம்பு கொடுத்தது.

ஆண்டுதோறும் மாசி மாதம் அங்கே கிரிக்கெட் விழா நடக்கும். விழாவில் ஆடும் அணிகளுக்குத்தான் கோடையில் ஏரித் தண்ணீர். பார்க்க வரும் மான்களுக்கும் பறவைகளுக்கும்கூட உண்டு. கைதட்ட ஆள் வேண்டுமே! மற்றவர்கள் கரைப்பக்கம் வந்தால் காட்டெருமைகள் முட்டி விரட்டும்.

மேட்டுப் பொட்டலில் கீரியும் முயலும் உடும்பும் இன்னும் பல சிற்றுயிர்களும் வாழ்ந்தன. அவையும் கிரிக்கெட் ஆடின. விளாம்பழத்தில் சின்ன விரிசல் விழுந்தாலும் பெரியவர்கள் அதைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதுப் பழம் எடுப்பார்கள். அப்படி எறிந்த பழங்களைப் பொறுக்கித்தான் பொட்டல் அணி பயிற்சி செய்தது.

பொட்டல் அணிக்குக் கீரிதான் தலைவன். ஒருநாள் அது யானைத் தலைவனிடம் போனது.

"ஐயா, எங்களையும் விழாவுல சேத்துக்குங்க. கோடையில எங்க குட்டிங்க தண்ணியில்லாமத் தவிக்குது."

"எங்க மூணு அணியில ஒண்ணையாவது ஜெயிச்சிருக்கியா? ஜெயிச்சவங்களுக்குத்தான் விழாவுல இடம். அதுதான் சட்டம்," என்றது யானை.

"அப்ப எங்களோட ஒரு ஆட்டம் ஆடுங்க."

"விழாவுல இருக்கிறவங்களோடதான் நாங்க ஆடுவோம். அதுவும் சட்டம்தான்."

இப்படி ஒரு சட்டம் போட எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும்! கீரி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டது.

அந்த ஆண்டு விழாவன்று யானைகளோடு ஆட வேண்டிய கரடிகள் வரவில்லை. தேன் எடுக்கப் போய் முகமெல்லாம் கொட்டு வாங்கிப் படுத்திருந்தன. மைதானத்தைச் சுற்றி மான்களும் பறவைகளும் நிறைந்துவிட்டன. ஆட்டம் இல்லை என்றால் யானைக்கு அவமானம். உடனே பொட்டலுக்கு ஆள் அனுப்பியது. சட்டமெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை.

கொக்கு நடுவராக நின்றது. வெள்ளை உடுப்பு அதற்குப் பிறவியிலேயே இருந்தது.

முதலில் பொட்டல் அணி மட்டை பிடித்தது. உடும்பு ஒரு முனையில் நின்றுகொண்டு அசையவே இல்லை. யானைகள் எப்படி வீசியும் அதன் விக்கெட் விழவில்லை. முயல் ஓடி ஓடி ரன் சேர்த்தது. பெரிய ஸ்கோர் இல்லை, ஆனால் மானம் காக்கப் போதும்.

பிறகு சாப்பாட்டு இடைவேளை. அது முடிந்து யானைத் தலைவன் மட்டையோடு வந்தது. முதல் பந்தையே ஓங்கி அடித்தது. பழத்தில் விரிசல் விழுந்தது.

"புதுப் பழம் எடு," என்றது யானை.

கொக்கு கூடையை எட்டிப் பார்த்தது. கூடை காலி.

"பழம் எங்கே போச்சு?"

"நீங்கதான் சாப்பாட்டு நேரத்துல எல்லாத்தையும் முழுங்கிட்டீங்க," என்றது கொக்கு.

யானைக்கு விளாம்பழத்தைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. வேறு வழியில்லை. அதே பழத்தில் ஆட்டம் தொடர்ந்தது. கீரி அதைக் கையில் வாங்கி, விரிசலின் மேல் விரலை வைத்தது. ஆயுசு முழுவதும் அது வீசியது இப்படிப்பட்ட பழத்தைத்தான். பழம் தரையில் பட்டு ஒரு பக்கமாகத் திரும்பியது. அடுத்தது மறுபக்கம் திரும்பியது. யானைகள் வெறும் காற்றை அடித்தன. வரிசையாக விக்கெட்டுகள் சரிந்தன. பொட்டல் அணி வென்றது!

"சட்டப்படி இனி நாங்களும் விழாவுல," என்றது கீரி.

யானைத் தலைவனும் காட்டெருமைத் தலைவனும் மரத்தடியில் கூடிப் பேசினார்கள். பிறகு யானை அறிவித்தது.

"இது வெறும் பயிற்சி ஆட்டம். கணக்குல சேராது. அதோட, விழாவோட தரத்தைக் காப்பாத்தணும். இனி எப்பவும் மூணு அணிதான்."

"தோத்தது நீங்க. தரம் இல்லாதவங்க நாங்களா?" என்று கீரி கத்தியது. காட்டெருமைகள் அதை மைதானத்துக்கு வெளியே தள்ளிவிட்டன.

அந்தக் கோடையில் பொட்டல் ஊற்று வற்றியது. முயலின் குட்டி ஒன்று தாகத்தால் செத்தது. கண்ணெதிரே ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் வயிறு எரிகிறது.

மான்களுக்கும் வயிறு எரிந்தது. அடுத்த மாசியில் விழா தொடங்கியபோது மைதானத்தைச் சுற்றி ஒரு குருவிகூட இல்லை. அதே மூன்று பேர் அதே மூன்று பேரோடு ஆடுவதை யார் பார்ப்பது? எல்லோரும் பொட்டலுக்குப் போய்விட்டார்கள். அங்கே கீரி அணிக்கும் காடை அணிக்கும் விறுவிறுப்பான ஆட்டம். நடுவர் கொக்குகூட அங்கேதான் நின்றது.

கைதட்டல் இல்லாமல் யானையால் இருக்க முடியவில்லை. மேடேறி வந்தது.

"கீரித் தம்பி, எங்களோட ஒரு ஆட்டம் ஆடேன்."

"எங்களை ஜெயிச்சவங்களோடதான் நாங்க ஆடுவோம். நீங்க எங்களை ஜெயிச்சதே இல்லையே," என்றது கீரி.

யானை தலையைக் குனிந்தது. "நான் என்ன செய்யணும்?"

"ஏரிக்கரையைத் திறந்து விடு. ஆடுறவங்களுக்கு மட்டுமில்ல, தாகம் எடுத்த எல்லாருக்கும்."

அன்றே காட்டெருமைகள் கரையை விட்டு விலகின. கீரி நன்றி சொல்லவில்லை. முயல் தன் மற்றக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கு இறங்கியது. வழியில் நின்ற யானையை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.

தரம் இல்லை என்று சொல்லி எளியவரை ஆட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறவர்கள், உண்மையில் அந்த எளியவரின் திறமையைக் கண்டுதான் பயப்படுகிறார்கள்.